இன்னொருவர் வலைப்பக்கத்தில் ஓடப்போகும் கோட்: முதல் உதாரணத்தை எழுதி அனுப்புவது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈரோட்டில் எங்கள் வீட்டு மாடியில் ஏழெட்டுப் பேர் லேப்டாப்போடு வந்து உட்காருவார்கள். பாதிப் பேர் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஸ்டோர், பில்லிங் வேலை பார்க்கிறவர்கள், மீதி கல்லூரிப் பிள்ளைகள். அவர்களில் ஒரு தம்பி மஞ்சள் விலைப் பலகை ஒன்றை கஸ்டம் எலிமெண்டாக, அதாவது நாமே பெயர் வைத்து உருவாக்கும் ஹெச்டிஎம்எல் டேகாக, செய்திருந்தான். யார் வேண்டுமானாலும் தங்கள் பக்கத்தில் ஒரே வரியில் போட்டுக்கொள்ளலாம் என்பதால், ஒரு திறமூலத் திட்டத்தின் உதாரணத் தொகுப்புக்கு அனுப்ப ஆசைப்பட்டான். அனுப்புவதற்கு முன், ஒரே வலைப்பக்கத்தில் இரண்டு பலகை வைக்கச் சொன்னேன், விரலி மஞ்சளுக்கு ஒன்று, கிழங்கு மஞ்சளுக்கு ஒன்று.

"அக்கா, விரலிக் கட்டத்துல கிழங்கு ரேட்டு வந்து உக்காந்துக்குச்சுங்க. கிழங்குக் கட்டம் காலியா கெடக்குதுங்க."

அந்தப் பலகையைச் சரிசெய்து அனுப்பிய வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தால் போதும். கோட் வரிகளை வாயால் சொல்வது போல் தமிழிலேயே சொல்லிப்போகிறேன், எடிட்டரில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் அனுப்பும் திட்டத்துக்கென்று எழுத்துமுறை விதிகள் இருந்தால் முதலில் அதைப் படியுங்கள். நான் சொல்வதோடு மோதினால் அவர்கள் விதியே செல்லும்.

படி 1: பெயர்

கஸ்டம் எலிமெண்டின் பெயர் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தொடங்க வேண்டும், நடுவே ஒரு ஹைஃபனாவது இருக்க வேண்டும், பெரிய எழுத்து கூடாது. ஆகவே 'மஞ்சள்-விலை' சரி, வெறும் 'விலை' செல்லாது. ஹைஃபன் இருந்தும் செல்லாத பெயர்கள் எட்டு உண்டு. 'ஃபாண்ட்-ஃபேஸ்' அவற்றில் ஒன்று. படம் வரைய உதவும் எஸ்விஜியும் கணிதம் எழுத உதவும் மேத்எம்எல்லும் முன்பே எடுத்துக்கொண்டவை அவை.

ஒரே பெயரை ஒரு பக்கத்தில் இரண்டு முறை பதிவு செய்தால் பிரவுசர் பிழை காட்டி அந்த ஸ்கிரிப்டை நிறுத்திவிடும். அதனால் 'கார்ட்', 'பாக்ஸ்' போன்ற பொதுப் பெயர்களை மட்டும் நம்பாமல் திட்டத்தின் முன்னொட்டைச் சேருங்கள். எலிமெண்டை எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் கிளாஸுக்கு அதே பெயரை ஹைஃபன் இல்லாமல், ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் பெரிதாக்கி வையுங்கள். கோப்புக்கும் எலிமெண்டின் பெயரையே வைத்துவிட்டால் தேடுகிறவருக்கு அலைச்சல் இல்லை.

பட்டன் போன்ற இருக்கிற எலிமெண்டையே 'இஸ்' ஆட்ரிபியூட் போட்டு நீட்டிக்கும் முறை சஃபாரியில் ஓடாது. தொடங்குகிறவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். தனி எலிமெண்ட் என்றால் குரோம் 54, ஃபயர்ஃபாக்ஸ் 63, எட்ஜ் 79 (2020 ஜனவரி) முதலே வேலை செய்கிறது. பாலிஃபில் (பழைய பிரவுசருக்காகச் சேர்க்கும் ஈடுகட்டும் கோட்) எதையும் உதாரணத்தில் சேர்க்காதீர்கள்.

படி 2: எதை எங்கே எழுதுவது

எலிமெண்ட் உருவாகும்போது ஓடுவது கன்ஸ்ட்ரக்டர், அதன் முதல் வரி 'சூப்பர்' அழைப்பு. அடுத்து 'அட்டாச்ஷேடோ', மோடு 'ஓப்பன்'. இது எலிமெண்டுக்குள் 'ஷேடோ டாம்' என்ற தனி உள்ளறையைத் திறக்கும். அதோடு நிறுத்துங்கள். எலிமெண்டின் ஆட்ரிபியூட்டையோ குழந்தைகளையோ அங்கே சேர்த்தால், வேறொருவர் 'கிரியேட்எலிமெண்ட்' வழியாக உருவாக்கும்போது பிழை வரும்.

விலையை எழுதுவது, டைமரைத் தொடங்குவது எல்லாம், எலிமெண்ட் பக்கத்தில் சேர்ந்ததும் ஓடும் 'கனெக்டட்கால்பேக்' உள்ளே. எலிமெண்டைப் பக்கத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தினால் இது மறுபடியும் ஓடும். தம்பியின் கோட் நிமிடத்துக்கு ஒருமுறை விலையைக் கேட்டது. பலகையை மேலே இழுத்து வைத்ததும் இரண்டு டைமர், இன்னொரு முறை நகர்த்தியதும் மூன்று. இங்கே தொடங்கியதை, எலிமெண்ட் பக்கத்திலிருந்து நீங்கும்போது ஓடும் 'டிஸ்கனெக்டட்கால்பேக்' உள்ளே நிறுத்தியாக வேண்டும். விண்டோவில் மாட்டிய லிசனருக்கும் இதே கணக்கு. உதாரணத்தில் இந்த ஜோடி இல்லாவிட்டால் நகலெடுக்கிற அத்தனை பேர் பக்கத்திலும் அதே ஓட்டை விழும்.

'அப்சர்வ்ட்ஆட்ரிபியூட்ஸ்' பட்டியலில் பெயர் இல்லாத ஆட்ரிபியூட் மாறினால் உங்களுக்குத் தகவல் வராது. ஆட்ரிபியூட் இருக்கும்வரை வருகிற மதிப்பும் எழுத்துச் சரம்தான். கூட்டுவதற்கு முன் எண்ணாக மாற்றுங்கள்.

படி 3: இரண்டு வைத்துப் பாருங்கள்

இந்தப் படிக்கு அரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை.

தம்பி என்ன செய்திருந்தான்? பலகைக்குள் ஒரு ஸ்பான், அதற்கு 'விலை' என்று ஐடி. விலையை எழுதும் இடத்தில் 'டாக்குமெண்ட் டாட் கெட்எலிமெண்ட்பைஐடி'. ஒரே பலகை இருந்தவரை பிரச்சினை இல்லை. இரண்டாவது வந்ததும் ஒரே ஐடியில் இரண்டு ஸ்பான் ஆகிவிட்டது, பிரவுசர் முதலில் கண்ணில் பட்டதைக் கொடுத்தது. கிழங்குப் பலகை தன் விலையைக் கொண்டுபோய் விரலிப் பலகையில் எழுதியது. இரண்டுக்கும் விலை வேறு என்பது மஞ்சள் வெள்ளாமை பண்ணுகிற யாருக்கும் தெரியும். யாராவது அதை நம்பி மூட்டையை வண்டியில் ஏற்றியிருந்தால்?

திருத்தம் சின்னதுதான். உள்ளே இருப்பதை எல்லாம் ஷேடோ டாமுக்குள் வைத்தோம், ஐடியை எடுத்துவிட்டு கிளாஸ் பெயர் கொடுத்தோம். தேடும் வரி 'திஸ் டாட் ஷேடோரூட் டாட் குவெரிசெலக்டர்' ஆனது. இப்போது ஒவ்வொரு பலகையும் தன் வீட்டுக்குள் மட்டும் தேடுகிறது.

விலையை உள்ளே எழுத 'இன்னர்ஹெச்டிஎம்எல்' வேண்டாம், 'டெக்ஸ்ட்கண்டெண்ட்' போதும். வெளியிலிருந்து வரும் எழுத்தில் யாராவது ஸ்கிரிப்டை நுழைத்திருந்தால் அது வெறும் எழுத்தாகவே நிற்கும்.

இன்னொன்று. 'மஞ்சள்-விலை' டேகை 'இமேஜ்' டேக் போலச் சாய்கோடு போட்டு அங்கேயே முடிக்கப் பார்ப்பார்கள். பிரவுசர் அந்தச் சாய்கோட்டைக் கண்டுகொள்ளாது. பின்னால் வரும் பத்திகள் எல்லாம் பலகையின் குழந்தைகளாகிவிடும், உள்ளே ஸ்லாட் (குழந்தைகளைக் காட்டும் இடம்) இல்லையென்றால் அவை திரையிலேயே தெரியாது. மூடும் டேகைத் தனியாக எழுதிக் காட்டுங்கள்.

படி 4: ஸ்டைல்

கஸ்டம் எலிமெண்ட் பிறக்கும்போது 'இன்லைன்'. அகலம் கொடுத்தும் கேட்கவில்லை என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். முதல் விதியாக, எலிமெண்டையே குறிக்கும் ':ஹோஸ்ட்' போட்டு 'டிஸ்ப்ளே: பிளாக்' கொடுங்கள்.

ஷேடோ டாமுக்குள் எழுதிய ஸ்டைல் வெளியே கசியாது. ஆனால் எழுத்து நிறம், ஃபாண்ட் போன்றவை வெளியிலிருந்து உள்ளே வரும், சிஎஸ்எஸ் மாறிகளும் வரும். பயன்படுத்துகிறவர் தன் கடை நிறத்துக்கு மாற்றிக்கொள்ள இதுதான் வாசல். பின்னணி நிறத்தை 'வார்' மூலம் எழுதி, மாறி இல்லாவிட்டால் எந்த நிறம் என்பதையும் அங்கேயே கொடுத்துவிடுங்கள். எந்தெந்த மாறிகள் உண்டு என்று ரீட்மீயில் (கூடவே அனுப்பும் விளக்கக் கோப்பு) எழுத மறக்காதீர்கள்.

மஞ்சள் பலகை என்பதால் தம்பி மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்திருந்தான். எங்கள் அம்மாவுக்குப் படிக்க முடியவில்லை. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 என்ற வேறுபாடாவது வேண்டும் என்கிறது அணுகல் விதி. கரும்பழுப்பு எழுத்துக்கு மாற்றினோம். 'புதுப்பி' என்று அழுத்துகிற இடத்துக்கு டிவ் வேண்டாம், பட்டன் எலிமெண்டையே வையுங்கள், கீபோர்டில் வருகிறவருக்கும் வேலை செய்யும். அதைச் சுற்றி வரும் ஃபோகஸ் கோட்டை அழகு கருதி அழிக்காதீர்கள்.

படி 5: தமிழுக்கென்று சில

பக்கத்தின் 'லேங்' ஆட்ரிபியூட்டில் தமிழைக் குறியுங்கள், திரைவாசிப்பான் எந்த மொழியில் வாசிப்பது என்று அதை வைத்துத்தான் தீர்மானிக்கிறது. உயரத்தை பிக்சலில் கட்டிப்போடாதீர்கள். 'கிழங்கு மஞ்சள்' என்பதில் மேலே 'கி'யின் கொக்கியும் கீழே 'கு'வின் சுழியும் இருக்கின்றன. வரி உயரம் 1 வைத்து, வழிவதை மறைத்தும் வைத்தால் இரண்டும் வெட்டுப்படலாம். 1.5-க்குக் குறைக்க வேண்டாம்.

கமாவைக் கையால் போடாதீர்கள். 'இண்டில் டாட் நம்பர்ஃபார்மேட்'டுக்கு இந்தியத் தமிழ் என்று சொன்னால் 125000 என்பதை 1,25,000 என்று நம் லட்சக் கணக்கிலேயே பிரித்துத் தரும்.

படி 6: தொகுத்து அனுப்புதல்

ஒரு உதாரணம், ஒரு ஃபோல்டர். உள்ளே ஒரு ஹெச்டிஎம்எல், ஒரு ஜாவாஸ்கிரிப்ட், ஒரு ரீட்மீ. ஜாவாஸ்கிரிப்டில் மாறாததற்கு 'கான்ஸ்ட்', மாறுவதற்கு 'லெட்', அங்கே 'வார்' எங்கும் வேண்டாம் (சிஎஸ்எஸ்ஸின் 'வார்' வேறு). இடைவெளி, மேற்கோள்குறி எல்லாவற்றையும் பிரெட்டியர் என்ற கோட் ஒழுங்குபடுத்தும் கருவியிடம் விட்டுவிடுங்கள். சோதனைக்குப் போட்ட 'கன்சோல் லாக்' வரிகளை நீக்குங்கள்.

மாதிரித் தரவில் உண்மையான மண்டிக்காரர் பெயரோ போன் நம்பரோ வரக் கூடாது. முகவரி தேவைப்பட்டால் 'எக்ஸாம்பிள் டாட் காம்' எழுதுங்கள், 1999 முதல் அது இதற்கென்றே ஒதுக்கப்பட்ட பெயர். விலைக்கும் 10000 போல முழு எண் வையுங்கள், இன்றைய சந்தை விலை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இணையத்தில் கிடைத்த மஞ்சள் படத்தை உரிமம் பார்க்காமல் சேர்க்காதீர்கள்.

கமெண்டில் காரணத்தை எழுதுங்கள். "டைமரை நிறுத்துகிறது" என்பது கோடைப் பார்த்தாலே தெரியும். "பலகையை நகர்த்தினால் இரண்டு டைமர் ஓடும், அதனால் நிறுத்துகிறோம்" என்று எழுதினால் அடுத்து வருகிறவர் அந்த வரியை அழிக்கமாட்டார்.

ரீட்மீயில் இந்த எலிமெண்ட் என்ன செய்யும், ஆட்ரிபியூட்களும் சிஎஸ்எஸ் மாறிகளும் எவை, எப்படி ஓட்டிப் பார்ப்பது, மூன்றும் இருந்தால் போதும். புல் ரிக்வெஸ்டில் (நம் மாற்றத்தைத் திட்டத்தில் சேர்க்கக் கேட்டு அனுப்புவது) இந்த ஃபோல்டரை மட்டும் அனுப்புங்கள். வழியில் வேறெங்காவது எழுத்துப்பிழை கண்டால் அதைத் தனியாக அனுப்பலாம். தம்பியின் பலகைக்கு இரண்டு திருத்தம் கேட்டார்கள், ஒன்று ரீட்மீயில், ஒன்று கிளாஸ் பெயரில். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாடியிலேயே உட்கார்ந்து இரண்டையும் செய்து திருப்பி அனுப்பினான்.