‘யூஸ்ட் டு’: வழக்கம் என்று எண்ணி வழுக்கும் இடங்கள்

ஆங்கிலம் பேசிப் பழக வருபவர்கள், ‘யூஸ்ட் டு’ என்னும் தொடரில் நான் முன்பு எங்கெல்லாம் இடறினேனோ அங்கேயே இடறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எழுத்துப் பிழைகளை அகராதியே திருத்திவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

இன்றும் தொடரும் வழக்கத்துக்குப் பயன்படுத்துதல்

இன்றளவும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். ‘நான் தினமும் காலையில் நடப்பது வழக்கம்’ என்று தமிழில் நினைப்பவர், ‘வழக்கம்’ இருந்த இடத்தில் இத்தொடரை வைத்து, ‘ஐ யூஸ்ட் டு வாக் எவ்ரி மார்னிங்’ என்று சொல்லிவிடுகிறார். ‘முன்பெல்லாம் நடப்பேன், இப்போது நடப்பதில்லை’ என்றே கேட்பவர் அதைப் புரிந்துகொள்வார். தமிழில் ‘வழக்கம்’ இறந்த காலத்துக்கும் நிகழ்காலத்துக்கும் பொதுவாக நிற்கும். ‘யூஸ்ட் டு’ இறந்த காலத்துக்கு மட்டுமே உரியது.

நேர்காணல் ஒன்றில், மாலைதோறும் கணக்குகளை நானே சரிபார்ப்பவன் என்று பெருமையாகச் சொல்ல எண்ணி, ‘ஐ யூஸ்ட் டு செக் தி அக்கவுண்ட்ஸ் எவ்ரி ஈவ்னிங்’ என்றேன். ‘ஏன் நிறுத்திவிட்டீர்கள்?’ என்று கேட்டார்கள். நிறுத்தவே இல்லை என்று நான் அவசரமாக மறுக்க, முன்னுக்குப் பின் முரணாகப் பேசுபவன் என்று முடிவுகட்டிவிட்டார்கள் போலும். அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. எங்கே பிழைத்தேன் என்பது விளங்குவதற்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

இன்றைய வழக்கத்தைச் சொல்ல ‘ஐ வாக் எவ்ரி மார்னிங்’ என்பதே போதும். அழுத்தம் வேண்டுமானால் ‘யூஷுவலி’ என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ளலாம். ‘யூஸ்ட்’ என்பதை ‘யூஸ்’ ஆக்கினால் நிகழ்காலமாகிவிடும் என்று எண்ணி, ‘ஐ யூஸ் டு வாக்’ என்று எழுதுபவர்களும் உண்டு. அப்படியொரு நிகழ்கால வடிவம் இக்கால ஆங்கிலத்தில் இல்லை.

முன்னால் ‘ஆம்’ வந்தால் பொருளே வேறு

‘ஐ ஆம் யூஸ்ட் டு’ என்பது, ஒன்று நமக்குப் பழகிப்போய்விட்டதைக் குறிக்கும். அதன் பின்னால் பெயர்ச்சொல்லோ ‘இங்’ சேர்ந்த வடிவமோதான் வர வேண்டும். ‘ஐ ஆம் யூஸ்ட் டு வொர்க்கிங் அட் நைட்’ என்றால் இரவு வேலை எனக்குப் பழகிவிட்டது. ‘ஐ யூஸ்ட் டு வொர்க் அட் நைட்’ என்றால் முன்பு இரவில் வேலை பார்த்தேன், இப்போது பார்ப்பதில்லை. முதல் வாக்கியத்தின் தலையையும் இரண்டாவதன் வாலையும் ஒட்டி, ‘ஐ ஆம் யூஸ்ட் டு வொர்க் அட் நைட்’ என்று சொல்பவர்களே மிகுதி. இன்னும் பழகிக்கொண்டிருப்பவர் ‘ஐ ஆம் கெட்டிங் யூஸ்ட் டு’ என்று தொடங்கலாம்.

‘டிட்’ வந்த பிறகு

கேள்வியிலோ மறுப்பிலோ ‘டிட்’ வந்துவிட்டால் இறந்த காலத்தை அதுவே காட்டிவிடும்; அங்கே மட்டும் ‘யூஸ்ட் டு’ என்பதை ‘யூஸ் டு’ என்று எழுதுக. உச்சரிப்பில் வேறுபாடு தெரியாது.

எண்ணிக்கை சொல்லும்போது

இத்தனை முறை என்று எண்ணிச் சொல்லும் இடத்தில் ‘யூஸ்ட் டு’ வராது. மூன்று முறை போனதைச் சொல்ல ‘வென்ட்’ போதும்.

‘வுட்’ என்று மாற்றும்போது

அடிக்கடி செய்த செயலுக்கு ‘யூஸ்ட் டு’ இருக்கும் இடத்தில் ‘வுட்’ வரலாம். ஆனால் நீடித்திருந்த நிலைக்கு வராது. முன்பு என்னிடம் ஒரு சைக்கிள் இருந்தது என்பதை ‘ஐ யூஸ்ட் டு ஹாவ் எ சைக்கிள்’ என்றுதான் சொல்ல வேண்டும்.