ஓசூரிலிருந்து குளிர்கால டிரெஸ்ஸாஜ் தொடரில் முதன்முறை சேர்வோருக்கு

நடையிலும் ட்ராட்டிலும் (நடையைவிட வேகமான சீரோட்டம்) சேணத்தில் நிலையாக அமரத் தெரிந்தும் போட்டிக் களத்தில் ஒருமுறையும் இறங்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்ற குளிர்காலத்தில் மத்திகிரியிலிருந்து பெங்களூருக்குப் போய், பொழுதுபோக்காகச் சவாரி செய்வோருக்கான டிரெஸ்ஸாஜ் (குதிரையை வரையறுத்த அசைவுகளில் துல்லியமாக நடத்திக் காட்டும் போட்டி) தொடர் ஒன்றில் மூன்று சுற்றுகளில் கலந்துகொண்டேன்.

பதிவு செய்யும்போது நடையும் ட்ராட்டும் மட்டும் உள்ள கீழ்ப்பிரிவையே தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு அசைவுக்கும் நடுவர் 0 முதல் 10 வரை மதிப்பெண் இடுவார். மொத்தம் சதவீதமாகக் கணக்கிடப்படும். 200க்கு 124 பெற்றால் 62 சதவீதம். தடுமாறிச் செய்த கேன்டரைவிட (ட்ராட்டுக்கு அடுத்த வேக ஓட்டம்) துல்லியமான ட்ராட் அதிகம் ஈட்டித் தரும்.

அடுத்து, களத்தை மண்ணில் வரையுங்கள். சிறிய களம் 20க்கு 40 மீட்டர். களத்தின் ஓரத்தில் இடங்களைக் குறிக்க எழுத்துகள் உண்டு. நுழைவாயிலான ஏ-யில் உள்நோக்கி நின்று, இடப்புறம் தொடங்கிக் கடிகாரச் சுற்றில் வந்தால் கே, ஈ, எச், சி, எம், பி, எஃப் என்று அவை வரும். நீளப் பக்கத்தில் மூலையிலிருந்து கே வரை 6 மீட்டர், கே முதல் ஈ வரை 14, அங்கிருந்து எச் வரை 14, பிறகு 6. மூலைவிட்டம் இரண்டும் 44.72 மீட்டர் வந்தால் களம் கோணலில்லை. இதற்கு இரும்பு டேப்பைவிட 50 மீட்டர் ஃபைபர் டேப்பே நல்லது. மண்ணில் இழுத்தாலும் மடங்கி ஒடியாது.

நான் மதிப்பெண் இழந்தது ஏ-யில் போடும் 20 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில்தான். கே, எஃப் என்ற எழுத்துகளைத் தொட வேண்டும் என்று எண்ணி, குதிரையை மூலைக்குள் ஓட்டினேன், வட்டம் சதுரமாகிவிட்டது. உண்மையில் அந்த வட்டம் நீளப் பக்கத்தைத் தொடும் இடம் மூலையிலிருந்து 10 மீட்டரில், அதாவது கே-யைத் தாண்டி 4 மீட்டரில் இருக்கிறது. அங்கே எழுத்தே கிடையாது. நடுக்கோட்டில் ஏ-யிலிருந்து 10 மீட்டரில் ஒரு முளை அடித்து, 10 மீட்டர் கயிற்றைக் கட்டிச் சுற்றிவந்து, சுண்ணாம்புத் தூளால் கோடிடுங்கள். வட்டம் ஏ-யையும், இரு நீளப் பக்கங்களையும், களத்தின் மையமான எக்ஸ்-ஐயும் தொட வேண்டும். அந்த நான்கு இடங்களையும் முதலில் கால்நடையாகவும் பின்பு குதிரைமீதும், கோடு அழிந்த பிறகும் கண்ணுக்குத் தெரியும்வரை பழகுங்கள்.

சொந்தக் குதிரையை அத்திப்பள்ளி வழியாக மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோவதாயின், கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்றும், அமைப்பாளர் கேட்டால் கிளாண்டர்ஸ் நோய்க்கான இரத்தப் பரிசோதனை முடிவும் தேவை. முடிவு வர நாள்கள் ஆகும் என்பதால் பதிவுக்கு முன்பே தொடங்குங்கள். முதல் பருவத்தைப் பெங்களூரில் உள்ள பயிற்சிப் பள்ளியின் குதிரையிலேயே கழிப்பது இதைவிட நிம்மதி என்பேன்.

மார்கழிக் காலையில் குதிரையின் முதுகு இறுகியிருக்கும். கால் மணி நேரம் நடையில் விட்ட பிறகே ட்ராட்டுக்குச் செல்லுங்கள். நடுவரின் மணி ஒலித்த பின் நுழைவதற்குப் பொதுவாக 45 விநாடிகள் உண்டு. அவசரப்படாமல் ஏ-யை நோக்கி நேராகத் திரும்ப அது போதும்.

பின்சேர்க்கை: 40 மீட்டர் சமநிலம் இல்லாதவர் என்ன செய்வது என்று தேன்கனிக்கோட்டை வாசகர் ஒருவர் கேட்டார். ஏ-யில் போடும் வட்டத்தைப் பழக 20க்கு 20 மீட்டரே போதும். கேழ்வரகு அறுவடை முடிந்த கொல்லை பொருந்தும். ஆனால் முதலில் கற்களைப் பொறுக்கி, அடித்தாள்களைத் தரையோடு அறுத்துவிடுங்கள்.