டிரம்ஸுக்கு நோட்ஸ் எழுதிய கதை

கிறிஸ்துமஸ் பாட்டுக்காக எங்கள் சர்ச் டிரம்மர் தம்பிக்கு நோட்ஸ் எழுதிக் கொடுத்தேன். கீபோர்டில் வாசித்துப் பதிந்த மிடி கோப்பை (எந்தக் கட்டையை எப்போது அழுத்தினேன் என்ற பதிவு) மியூஸ்கோர் என்ற இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளில் திறந்து அப்படியே பிரிண்ட் எடுத்தேன். தாளைப் பார்த்தவன், "அண்ணே, இது பியானோவுக்கா?" என்றான். காலால் மிதிக்கும் பேஸ் டிரம் ‘சி’ சுரமாகவும், ஜோடித் தட்டான ஹை-ஹேட் ‘எஃப் ஷார்ப்’ சுரமாகவும் நின்றன. மிடியில் பேஸ் டிரம்முக்கும் அந்த ‘சி’க்கும் ஒரே எண், 36; ஹை-ஹேட்டுக்கும் ‘எஃப் ஷார்ப்’புக்கும் 42.

காரணம் சின்னதுதான். ஜெனரல் மிடி என்ற பொது விதிப்படி தாளவாத்தியங்களுக்கு 10ஆம் சேனல். நான் பதிந்த டிராக் 1ஆம் சேனலில் இருந்தது. மாற்றியதும், ஐந்து கோடுகளில் பேஸ் டிரம் கீழிருந்து முதல் இடைவெளிக்கும், குச்சியால் அடிக்கும் ஸ்நேர் டிரம் மூன்றாவதுக்கும் வந்தன. ஹை-ஹேட் பெருக்கல் குறித் தலையோடு ஐந்தாம் கோட்டுக்கு மேலே உட்கார்ந்தது.

அப்புறமும் பக்கமெல்லாம் டை வளைவுகள், அதாவது இரண்டு நோட்டை ஒன்றாக நீட்டிச் சேர்க்கும் கோடுகள். கையும் காலும் ஒரே வாய்ஸில் (ஒரே கோடுகளில் தனித்தனியாக எழுதக்கூடிய வரிசைகளில் ஒன்று) சிக்கிக் கிடந்தன. கை அடிப்பதை முதல் வாய்ஸில் தண்டு மேல்நோக்கியும், கால் மிதிப்பதை இரண்டாவதில் கீழ்நோக்கியும் பிரித்தேன். இரண்டாவதில் தேவையில்லாத ஓய்வுக் குறிகளை மறைத்தேன். ஒரே அடி 8 பார் (தாளச் சுற்று) ஓடும் இடத்தில் முதல் பாரை மட்டும் எழுதி, மீதிக்கு ‘முந்தைய பாரையே வாசி’ என்னும் சாய்கோடும் இருபுறப் புள்ளியும். ஃபில், அதாவது இடையில் அடியை மாற்றி வாசிக்கும் சிறு துண்டு, வரும் பார் மட்டும் முழுசாக.

நான்கு பக்கம் ஒன்றரை ஆனது. அதிலும் பாதியைத் தம்பி பார்ப்பதே இல்லை. அது வேறு வழக்கு.