ஆல்-இன்-ஒன் இயந்திரத்தில் ஸ்கேன், மின்னஞ்சல், ஃபேக்ஸ்: அலுவலகத்துக்கான வழிகாட்டி

அலுவலக மூலையில் நிற்கும் பெரிய ஆல்-இன்-ஒன் இயந்திரத்தை ஜெராக்ஸ் எடுப்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, ஸ்கேன் என்று வந்துவிட்டால் மொபைலில் படம் பிடித்து அனுப்பும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. மெனுவைப் பார்த்தாலே வரும் தயக்கம்தான் இதற்குக் காரணம். தாளை எங்கே வைக்கப் போகிறோம், அதன் படம் எங்கே போய்ச் சேர வேண்டும் என்ற இரண்டையும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே முடிவு செய்துகொண்டால், மெனுவில் பாதிக்கு மேல் நமக்குத் தேவைப்படாது.

தாளை வைக்க இரண்டு இடங்கள் உண்டு: மேல்மூடியின் மீதுள்ள ஃபீடர், மூடிக்குக் கீழே இருக்கும் கண்ணாடி. ஒரே அளவிலான தனித்தாள்கள் பல இருந்தால் ஃபீடர் போதும்; ஆனால் பின்களை எடுத்துவிட்டு, மடிந்த மூலைகளை நிமிர்த்தி, கட்டை ஒருமுறை விசிறிவிட்டு வைக்க வேண்டும். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ரசீது, கிழிசலை ஒட்டிய பழைய பத்திரம், பசை காயாத தாள், தைத்த புத்தகம் ஆகியவற்றைக் கண்ணாடியில்தான் வைக்க வேண்டும். பெரும்பாலான இயந்திரங்களில் ஃபீடரில் எழுத்து மேல்நோக்கியும், கண்ணாடியில் எழுத்து கீழ்நோக்கியும் இருக்க வேண்டும். உங்கள் இயந்திரத்தில் எப்படி என்பதை ஃபீடரின் ஓரத்தில் பொறித்திருக்கும் சிறு படம் காட்டும்.

ஃபீடர் வழியாக எடுத்த எல்லாப் பக்கங்களிலும் ஒரே இடத்தில் நெடுக ஒரு கோடு விழுந்து, கண்ணாடியில் வைத்து எடுத்தால் அந்தக் கோடு வராவிட்டால், மெக்கானிக்கை அழைக்கும் முன் பெரிய கண்ணாடிக்கு அருகிலுள்ள ஒல்லியான கண்ணாடிப் பட்டையைப் பாருங்கள். ஃபீடரில் தாள்கள் அந்தப் பட்டையின் மேல்தான் நகர்ந்து செல்கின்றன என்பதால், அதில் ஒட்டியிருக்கும் கடுகளவு ஒயிட்னரோ பசையோ முழுப்பக்கக் கோடாக விழுகிறது. பஞ்சு உதிராத துணியைச் சற்றே ஈரமாக்கித் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அடுத்து, ஸ்கேன் திரையில் தாள் அளவைப் பாருங்கள். ஏ4 என்று வைத்திருக்கும் இயந்திரத்தில் அதைவிட நீளமான பத்திரத் தாளைக் கொடுத்தால் அடிப்பகுதி வெட்டுப்பட்டுவிடும். கையெழுத்தும் முத்திரையும் இருப்பதும் அங்கேதான். ஆகவே பத்திரங்களுக்கு லீகல் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தெளிவுக்கு, சாதாரண எழுத்துத் தாளானால் 300 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள், போதும். ஒரு ஏ4 பக்கம் அந்த அளவில் 2480-க்கு 3508 புள்ளிகளாகப் பதிவாகிறது; 600-க்கு ஏற்றினால் புள்ளிகள் நான்கு மடங்காகுமே தவிர, படிப்பவருக்கு அதனால் பெரிய பயன் இல்லை. புகைப்படத்துக்கும் பழைய வரைபடத்துக்கும் மட்டும் 600 வைத்துக்கொள்ளலாம். வண்ண முத்திரையோ நீல மைக் கையெழுத்தோ இருந்தால் வண்ணம், மற்றவற்றுக்குக் கருப்பு-வெள்ளை அல்லது சாம்பல் நிறம். இருபக்கமும் அச்சான தாளுக்கு இருபக்க ஸ்கேனைத் தேர்ந்தெடுக்க மறக்கக் கூடாது.

கோப்பைச் சிறிதாக்கும் அமைப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2013 ஆகஸ்டில் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினி அறிவியலாளர், ஸெராக்ஸ் வொர்க்சென்டர் வகை இயந்திரங்கள் சில ஸ்கேன் செய்யும்போது எண்களையே மாற்றிவிடுவதை வெளிப்படுத்தினார். ஒரு கட்டட வரைபடத்தில் மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என்றிருக்க, ஸ்கேனில் மூன்று அறைகளுக்கும் 14.13 என்றே வந்தது. எழுத்து மங்கியிருந்தால் கண்டுபிடித்திருக்கலாம்; ஆனால் அந்தத் தவறான எண்கள் பளிச்சென்று அச்சடித்தாற்போல இருந்தன. ஒன்றுபோலத் தோன்றும் சிறு உருக்களை ஒரே உருவாகச் சேமித்து இடத்தை மிச்சப்படுத்தும் சுருக்கமுறைதான் காரணம். அந்த நிறுவனம் பின்னர் திருத்தப்பட்ட மென்பொருளை வெளியிட்டது. இருந்தாலும் கணக்கறிக்கை, நில அளவை, மருந்துச் சீட்டு போன்றவற்றுக்கு ஆகக் குறைந்த கோப்பு அளவைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பதும், அனுப்பும் முன் இரண்டொரு எண்ணை அசலோடு ஒப்பிடுவதும் நல்லது.

ஸ்கேனை நேராக மின்னஞ்சலில் அனுப்ப, இயந்திரத்துக்கென்று ஓர் அஞ்சல் கணக்கு தேவை. இதை ஒருமுறை அமைத்துவிட்டால் போதும். இயந்திரத்தின் நெட்வொர்க் மெனுவில் தெரியும் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அந்த இயந்திரத்தை அடையாளம் காட்டும் எண்) அதே நெட்வொர்க்கில் உள்ள கணினியின் பிரவுசரில் தட்டினால் அதன் அமைப்புப் பக்கம் திறக்கும். அங்கே அஞ்சல் சேவை தரும் எஸ்எம்டிபி சர்வர் (அஞ்சலை வெளியே அனுப்பும் கணினி) முகவரியையும், 587 என்ற போர்ட்டையும் (இணைப்பு வாயில் எண்), டிஎல்எஸ் என்ற மறையாக்கப் பாதுகாப்பையும், பயனர் பெயரையும், கடவுச்சொல்லையும் இட வேண்டும். ஜிமெயில் கணக்கில் உங்கள் வழக்கமான கடவுச்சொல் வேலை செய்யாது. இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, அதன்பின் கூகுள் தரும் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டை இட வேண்டும். தனிநபர் கணக்குகளில் வழக்கமான கடவுச்சொல்லை மட்டும் கொண்டு இயந்திரங்கள் நுழையும் பழைய முறையை கூகுள் 2022 மே 30 முதல் நிறுத்திவிட்டது. அதுவரை ஒழுங்காக ஓடிய இயந்திரங்கள் திடீரென்று அஞ்சல் அனுப்ப மறுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். எல்லாம் சரியாக இருந்தும் இணைப்புப் பிழை வந்தால், இயந்திரத்தின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். கடிகாரம் தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானதாகத் தோன்றி இணைப்பு முறிந்துவிடும். அமைப்புப் பக்கத்தின் நிர்வாகிக் கடவுச்சொல்லையும் அப்படியே மாற்றிவிடுங்கள், ஏனென்றால் ஆலையிலிருந்து வந்த கடவுச்சொல் அந்த மாதிரியின் கையேட்டைப் படித்த எவருக்கும் தெரியும்.

அனுப்பும் வேலை எளிது. தாளை வைத்து, ஸ்கேனில் மின்னஞ்சலைத் தேர்ந்து, முகவரியை இட்டு, பிடிஎஃப் என்பதைக் குறித்து, பொருள் வரியை எழுதிப் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டியதுதான். பொருள் வரியைக் காலியாக விட்டால் பெறுபவருக்கு இயந்திரத்தின் பெயர் மட்டும் தாங்கிய கடிதம் போகும். அது ஸ்பேம் பெட்டியில் விழவும் கூடும். ஜிமெயிலின் வரம்பு 25 எம்பி. ஆனால் இணைப்புகள் அஞ்சலில் ஏறும்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடுவதால், கோப்பு 18 எம்பியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது பாதுகாப்பு. தாண்டினால் பக்கங்களைப் பிரித்து அனுப்பலாம். தினமும் நூற்றுக்கணக்கான பக்கங்கள் ஸ்கேன் செய்யும் அலுவலகமானால், மின்னஞ்சலை விடக் கணினியின் பகிர்வு ஃபோல்டருக்கு அனுப்புவதே மேல்.

ஃபேக்ஸ் அனுப்பும் தேவை இன்று குறைந்துவிட்டாலும் அற்றுப்போகவில்லை. ஜப்பானிய அலுவலகங்களோடும் அமெரிக்க மருத்துவமனைகளோடும் தொடர்புடையவர்களுக்கு இது தெரியும். இயந்திரத்தின் பின்புறம் லைன் என்று குறித்த துளையில் தொலைபேசி இணைப்பையும், அடுத்த துளையில் வேண்டுமானால் ஒரு தொலைபேசியையும் செருக வேண்டும். இரண்டையும் மாற்றிச் செருகிவிட்டுத் தேடுபவர்கள் ஏராளம். அலுவலக இன்டர்காம் வழியாக வெளியே போக 0 அழுத்த வேண்டுமென்றால், எண்ணுக்கு முன் 0-வும் ஓர் இடைநிறுத்தக் குறியும் இட வேண்டும். ஃபைபர் இணைப்பின் வழியாக வரும் தொலைபேசியில் ஃபேக்ஸ் பாதியில் அறுந்தால், அனுப்பும் வேகத்தை நொடிக்கு 9600 பிட்டாகக் குறைத்துப் பாருங்கள்.

தமிழில் அச்சான கடிதத்தை ஃபேக்ஸ் செய்யும்போது ஸ்டாண்டர்டு தெளிவில் விடாமல் ஃபைனுக்கு மாற்ற வேண்டும். ஸ்டாண்டர்டில் மேலிருந்து கீழாக ஓர் அங்குலத்துக்குச் சுமார் 98 வரிகளே பதிவாகின்றன, ஃபைனில் 196. சிறு எழுத்தில் அச்சான மெய்யெழுத்தின் புள்ளி, ஸ்டாண்டர்டில் ஒரு வரி உயரத்துக்கே வந்து கரைந்துபோகலாம். இகர, ஈகாரச் சுழிகள் பிரித்தறிய முடியாமல் போகலாம். ஃபைனில் நேரம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான். அடர்ந்த பின்னணி கொண்ட அடையாள அட்டையை நேராக அனுப்பினால் மறுமுனையில் கருந்திட்டாகவே விழும் என்பதால், முதலில் வெளிறிய ஜெராக்ஸ் எடுத்து அதை அனுப்புங்கள்.

அனுப்பியபின் வரும் டிரான்ஸ்மிஷன் ரிப்போர்ட்டில் ஓகே என்பதோடு பக்க எண்ணிக்கையையும் பாருங்கள். ஐந்து தாள் வைத்து நான்கு என்று வந்திருந்தால் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு போயிருக்கின்றன. தாளைத் திருப்பி வைத்திருந்தால் வெற்றுப் பக்கங்கள் போகும். அதற்கும் ஓகே என்றே ரிப்போர்ட் வரும். மறுமுனை இயந்திரம் பெற்றது என்பதற்குத்தான் அது சான்று, மனிதர் படித்தார் என்பதற்கு அல்ல. 2018 நவம்பர் 21 அன்று ஜம்மு காஷ்மீரில் ஆட்சியமைக்க உரிமை கோரி மெகபூபா முஃப்தி அனுப்ப முயன்ற கடிதம் ஆளுநர் மாளிகை ஃபேக்ஸில் போய்ச் சேரவில்லை; அன்றிரவே சட்டமன்றம் கலைக்கப்பட்டது. விடுமுறையில் ஃபேக்ஸைக் கவனிக்க ஆள் இல்லை என்று ஆளுநர் சத்யபால் மாலிக் பின்னர் சொன்னார். அவசரக் கடிதமானால் அனுப்பிய கையோடு தொலைபேசியில் கேட்டுவிடுவதே முறை.

இந்த இயந்திரங்களில் பலவற்றுக்குள் ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. ஸ்கேன் செய்தவற்றின் படிமங்கள் அதில் தங்கிவிடக்கூடும். வாடகை இயந்திரங்களை டிஸ்க்கை அழிக்காமல் திருப்பிக் கொடுத்ததற்காக, நியூயார்க்கின் அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற காப்பீட்டு நிறுவனம் 2013-இல் அமெரிக்கச் சுகாதாரத் துறைக்கு 12,15,780 டாலர் செலுத்த நேர்ந்தது. ஆகவே இயந்திரத்தை விற்கும்போதோ திருப்பிக் கொடுக்கும்போதோ, அமைப்புப் பக்கத்தில் டிஸ்க்கை மேலெழுதி அழிக்கும் வசதியை இயக்குங்கள். அட்ரஸ் புக்கையும், அஞ்சல் கணக்கின் கடவுச்சொல்லையும் நீக்கி, கூகுள் கணக்கிலும் அந்த ஆப் பாஸ்வேர்டை ரத்து செய்துவிட்டு வண்டியில் ஏற்றுங்கள்.