ரத்ததான முகாமுக்கு ஆள் சேர்க்கிறீர்களா?

"தன்னார்வலர்கள் தேவை" என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டால் கட்டைவிரல் படம்தான் வரும், ஆள் வராது. தனித்தனியாகக் கூப்பிட்டு, வேலையையும் நேரத்தையும் சொல்லிக் கேளுங்கள்: "தம்பி, ஞாயிறு ஒன்பதிலிருந்து பதினொன்றுவரை பதிவு மேசையில் உட்கார முடியுமா?"

மேசைக்கு ஒரு துண்டுச்சீட்டு போதும். 18 வயது நிறைந்திருக்க வேண்டும், எடை 45 கிலோவுக்குக் குறையக்கூடாது, முன்பு கொடுத்திருந்தால் ஆணுக்கு 90 நாள், பெண்ணுக்கு 120 நாள் இடைவெளி. வெறும் வயிற்றோடு வந்தவரை முதலில் இட்லி சாப்பிட அனுப்பிவிடலாம்.

ஜூஸ் கொடுக்கும் இடத்தில் மட்டும் நன்றாக வாயடிக்கிறவரைப் போடுங்கள். ஊசி எடுத்ததும் கிளம்பப் பார்க்கும் பையன்களைப் பேச்சுக் கொடுத்தே கால்மணி நேரம் உட்காரவைப்பார். அங்கே ஆள் போடாத வருஷம், எங்கள் முகாமில் ஒருவர் பைக் ஸ்டாண்டில் மயங்கி விழுந்தார்.