மூக்கில் எண்ணெய், கன்னத்தில் எரிச்சல்: இந்த முகத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது?

முகத்தை வெறும் தண்ணீரில் கழுவி, துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம் விடுங்கள். அப்புறம் ஒரு டிஷ்யூ தாளை நெற்றியிலும் மூக்கிலும் அழுத்திப் பாருங்கள். தாளில் எண்ணெய் ஊறியிருக்கிறது, ஆனால் கன்னம் மட்டும் இழுத்துப் பிடிக்கிறது என்றால் உங்களுடையது காம்பினேஷன் சருமம். அதோடு புதிதாக எதைப் பூசினாலும் காந்துகிறது, சிவக்கிறது, அரிக்கிறது என்றால் சென்சிடிவ் வகையும் கூட. என் முகமும் அப்படித்தான்.

நான் குடியிருப்பது சேலம் அஸ்தம்பட்டியில். கணக்கு எழுதப் போவது ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட் ஆபீசுக்கு. கீழே ஏப்ரல் வெயில் 39, 40 என்று கொதிக்கும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போனால் சால்வை தேடும் குளிர். ஒரே நாளில் இரண்டு பருவத்தையும் பார்க்கிற முகத்துக்கு இரண்டு செட் க்ரீம் வாங்கிக் கட்டுப்படியாகாது. அதனால் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். எந்தப் பொருள் என்பதைக் கன்னம் முடிவு செய்யும். எவ்வளவு என்பதை மூக்கு முடிவு செய்யும். கன்னம் தாங்காததை மூக்குக்காக வாங்குவதில்லை.

புதிதாக எதையும் வாங்கும் முன் இரண்டு வாரம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். எலுமிச்சை, ஆப்பசோடா, பருவுக்கு வைக்கிற டூத்பேஸ்ட், சர்க்கரை ஸ்க்ரப், முல்தானி மட்டி, எல்லாம். நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உள்ளது, பி.எச். அளவு (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5. குளியல் சோப்பு 9, 10 வரை போகும். எலுமிச்சைச் சாறோ 2 பக்கம் இறங்கிவிடும். ஏற்கெனவே எரிகிற கன்னத்தை இப்படி மேலும் கீழும் இழுத்தால் அது எப்போது தேறுவது?

எங்கள் பெரியம்மா இதை ஒத்துக்கொள்ள மாட்டார். "நாங்கெல்லாம் பயத்தமாவு தேய்ச்சுத்தானடி வளர்ந்தோம், எங்களுக்கு என்ன கெட்டுப்போச்சு?" என்பார். அவருக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை, அது உண்மைதான். அவர் தோல் அதைத் தாங்கியது. மாவைவிட, அதை வைத்து நாம் போடுகிற தேய்ப்புதான் என் போன்றவர்களுக்கு ஆகாது.

முகம் கழுவுவதில்தான் சேலத்துக்காரர்கள் அதிகம் கவனிக்க வேண்டும். பல வீடுகளில் குளிக்க வருவது போர் தண்ணீர். குழாய் வாயிலும் பக்கெட் ஓரத்திலும் வெள்ளையாகப் படிகிறதே, அது தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும். இவை சோப்போடு சேரும்போது கரையாத ஒரு படிவு உண்டாகும். எத்தனை தடவை கழுவினாலும் கன்னம் பிசுபிசுவென்றும் வறவறவென்றும் ஒரே நேரத்தில் இருப்பது அதனால்தான். எனவே சோப்பு வேண்டாம். மெடிக்கல்களில் 'சோப் ஃப்ரீ' என்று போட்ட, நுரை குறைவான, மணமில்லாத க்ளென்சர் கிடைக்கும். கடைசி ஒரு சொம்புக்கு மட்டும் காவிரித் தண்ணீரோ ஃபில்டர் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, மொட்டைமாடி டேங்க். மார்ச் தொடங்கிவிட்டால் மதியம் குழாயைத் திறந்தாலே கை சுடும். அந்தத் தண்ணீர் முகத்தில் மிச்சமிருக்கிற பசையையும் எடுத்துவிடும். காலையிலேயே ஒரு குடம் பிடித்து நிழலில் வைத்துவிட்டால் சாயங்காலம் வரை வரும்.

கழுவும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். க்ளென்சரை முதலில் நெற்றி, மூக்கு, தாடையில் விரல் நுனியால் மெதுவாகச் சுழற்றுங்கள். மூக்கின் இரண்டு பக்க மடிப்பையும் விட்டுவிடாதீர்கள். அங்கே வேலை முடிந்த பிறகு, கையில் மிஞ்சியதைக் கன்னத்தில் தொட்டுவிட்டு உடனே கழுவிவிடுங்கள். இதை இரவில் மட்டும் செய்தால் போதும். காலையில் வெறும் தண்ணீர். மூக்கு ரொம்ப வழிந்தால் அந்த இடத்துக்கு மட்டும் க்ளென்சர். முகத்துக்கென்று மெல்லிய பருத்தித் துண்டு ஒன்றைத் தனியாக வையுங்கள். அதையும் தலையணை உறையையும் கம்ஃபர்ட் மாதிரி வாசனைத் திரவத்தில் முக்காதீர்கள். க்ரீமில் வாசனை வேண்டாம் என்று தேடி வாங்கிவிட்டு, ராத்திரி முழுக்க வாசனைத் துணியில் கன்னத்தை வைத்துப் படுப்பவர்கள் நிறையப் பேர்.

முகம் ஈரமாக இருக்கும்போதே மாய்ஸ்சரைசர். கிளிசரின், செராமைடு (தோலில் இயல்பாகவே உள்ள ஒரு கொழுப்பு) இரண்டும் உள்ள சாதாரண லோஷன் போதும். கன்னத்துக்கு ஒரு பட்டாணி அளவு. மூக்குக்கும் நெற்றிக்கும் விரலில் ஒட்டியிருப்பதே அதிகம். டிசம்பரில் மலையில் இருந்தால் கன்னத்துக்கு மட்டும் இன்னொரு பூச்சு. தேங்காய் எண்ணெய் தலைக்கு நல்லது. ஆனால் முகத்தில் தடவினால் பலருக்குத் துளைகள் அடைத்துக்கொள்ளும். தலையில் வைத்த எண்ணெய் வெயிலில் இறங்கினாலே நெற்றியோரம் பொரிப்பொரியாக வந்துவிடுகிறது.

அடுத்தது சன்ஸ்கிரீன். "ஏற்காட்டுல என்ன வெயில், அங்க எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்காதவர்கள் கிடையாது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய பத்து சதவீதம் கூடும். மெல்லிய மேகமும் பனிமூட்டமும் சூட்டை மறைக்கும். அந்தக் கதிரில் பெரும்பகுதியை விட்டுவிடும். குளிருக்கு இதமாக இருக்கிறதே என்று படகுத் துறையில் அரைநாள் உட்கார்ந்துவிட்டு, இரவு முகம் காந்துகிறது என்று எஸ்டேட் விருந்தினர்கள் எங்களிடம்தான் கற்றாழை கேட்டு வருவார்கள். கார் கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. தோலை எரிக்கும் யூ.வி.பி. கதிரைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். கருமை உண்டாக்கும் யூ.வி.ஏ. கதிரில் கணிசமான பங்கு பக்கக் கண்ணாடி வழியே உள்ளே வரும்.

எஸ்.பி.எஃப். (வெயில் எரிப்பைத் தடுக்கும் அளவு) 30-க்குக் குறையாதது வாங்குங்கள். சீக்கிரம் எரிகிற தோலுக்கு ஜிங்க் ஆக்சைடு வகை பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். ஒரே தொல்லை, நம் நிறத்தில் அதைப் பூசினால் முகம் முழுக்கத் திருநீறு பூசினது போலத் தெரியும். இதற்கு டின்ட் போட்டது வருகிறது. அந்த நிறத்துக்காகச் சேர்க்கிற இரும்பு ஆக்சைடு, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுக்கும். மங்கு உள்ளவர்களுக்கு இது கூடுதல் லாபம். அளவு, ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாகப் பிதுக்கிய இரண்டு கோடு. வெளியிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பப் பூச வேண்டும். கீழே, மே மாத வெயிலில், சன்ஸ்கிரீனே மூக்குக்குப் போதுமான ஈரப்பசை தந்துவிடும். அங்கே மாய்ஸ்சரைசரைத் தவிர்த்துவிடலாம்.

க்ளென்சர், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். இந்த மூன்றையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். முதலில் ஒன்றை வாங்கி, முழங்கை மடிப்பில் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் பூசிப் பாருங்கள். க்ளென்சர் என்றால் முகத்தில் எவ்வளவு நேரம் இருக்குமோ அவ்வளவு நேரம் வைத்துக் கழுவிவிடுங்கள். அரிப்போ தடிப்போ இல்லையென்றால் முகத்துக்கு. அது பழகிய பிறகுதான் அடுத்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பூசிவிட்டுச் சிவந்தால், எதைக் குற்றம் சொல்வது?

லேபிளில் 'ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ' என்று இருக்க வேண்டும். 'அன்சென்டட்' வேறு, அதில் வாசனையை அமுக்க இன்னொரு வாசனைப் பொருள் இருக்கலாம். 'ஹெர்பல்' என்பதைப் பார்த்து மயங்காதீர்கள். ஏற்காட்டுக் கடைகளில் தொங்கும் தைலமும் மூலிகைதான், அதை யார் கன்னத்தில் தடவுவார்கள்? நியாசினமைடு (வைட்டமின் பி3-இன் ஒரு வகை) மாதிரி சீரம் வேண்டுமென்றால் ஓரிரு மாதம் கழித்து, 5 சதவீதத்துக்குள். 10 சதவீதம் என்று பெரிதாகப் போட்டிருப்பது என் கன்னத்துக்கு ஆகவில்லை.

கடைசியாக, மெடிக்கலில் கேட்டு வாங்கும் 'சிவப்பழகு' ட்யூப். "அக்கா, ஒரு வாரத்துல பளிச்சுனு ஆயிடும்" என்று சொல்லி எனக்கும் ஒன்றை நீட்டினார்கள். திருப்பிப் பார்த்தால் மொமெட்டசோன். பீட்டாமெத்தசோன், க்ளோபிட்டசால் என்றிருந்தாலும் அதே ஸ்டீராய்டு குடும்பம்தான். முதலில் முகம் தெளியும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, ரத்த நாளம் தெரிந்து, பருவும் வரும், முகத்தில் முடியும் வளரும். நிறுத்தினால் முன்னைவிட எரியும். ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசி வருகிறீர்கள் என்றால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாமல் தோல் டாக்டரைப் பாருங்கள். மூக்கோரத்திலும் புருவத்திலும் மஞ்சளாகச் செதில் உதிர்ந்தாலும் டாக்டரிடம்தான் போக வேண்டும். அதற்கு லோஷன் கேட்காது, மருந்து வேண்டும். நம் ஊர் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே காட்டலாம். போகும்போது இதுவரை பூசிய ட்யூப் எல்லாவற்றையும், காலியானதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். "வெள்ளை கலர்ல ஒரு க்ரீம் சார்" என்று சொன்னால் அவரால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.