டேப்லெட் திரைமேல் ஒட்டித் திருக ஒரு குமிழ்: மூடியும் அலுமினியத் தாளும் போதும்

ஒலியளவு போன்றவற்றைக் கூட்டிக் குறைக்கத் திரையில் வரைந்த குமிழை விரலால் திருகிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கண் வேறு பக்கம் போனால் விரலும் வழுக்கிப் போய்விடும். கோலாலம்பூர் செந்தூலில் வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்யும் நண்பர் ஒருவர் கேட்டார்: “திரையவே பாத்துக்கிட்டு இருந்தா பாட்ட எப்ப லா கேக்குறது?”

பாட்டுக்காரர்களுக்கு மட்டும் உள்ள தொல்லை இல்லை இது. 2017 ஆகஸ்டில் சிங்கப்பூர் அருகே ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். தொடுதிரைக் கட்டுப்பாட்டில் வந்த குழப்பமும் காரணங்களில் ஒன்று என விசாரணையில் தெரிந்தது. 2019இல் அமெரிக்கக் கடற்படை, வேகத்தைக் கூட்டிக் குறைக்கக் கைப்பிடிகளையே திரும்ப வைக்கப்போவதாக அறிவித்தது.

சரி, நம் வேலைக்கு வருவோம். தேவையானவை: கடலை வெண்ணெய் போத்தலின் பிளாஸ்டிக் மூடி, சமையலறை அலுமினியத் தாள், சின்ன உறிஞ்சு கொக்கி (கண்ணாடியில் ஒட்டுவோமே, அதுதான்), பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச், செலோடேப். மிஸ்டர் டி.ஐ.ஒய். கடைக்கு ஒரு நடை போனால் மூடி தவிர எல்லாம் கிடைக்கும். காயா (தேங்காய்ப்பால் ஜாம்) போத்தலின் தகர மூடி வேண்டாம். அதன் விளிம்பு முழுவதும் மின்சாரம் கடத்தும் என்பதால், எந்த இடத்தில் தொடுகிறோம் என்று திரைக்குப் புரியாது.

முதலில் மூடியின் நடுவில் துளை போடுங்கள். கொக்கியைக் கழற்றிவிட்டு, உறிஞ்சு கிண்ணத்தின் மேல்முனை அந்தத் துளையில் தளர்வாக நுழைகிறதா பாருங்கள். இதுதான் அச்சு. மூடி இதைச் சுற்றி ஓட வேண்டும். இறுகிக்கொண்டால் துளையைக் கொஞ்சம் அகலமாக்குங்கள்.

அடுத்தது ‘கால்’. முக்கியமான இடம் இதுதான், அவசரப்படாதீர்கள். ஸ்பாஞ்சில் 1 செ.மீ. அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, அலுமினியத் தாளைச் சுருக்கமில்லாமல் சுற்றுங்கள். மூடியின் உள்விளிம்பை ஒட்டி, கிண்ணத்தில் படாதபடி, விளிம்பைவிட ஒரு மி.மீ. கீழே துருத்திக்கொண்டிருக்குமாறு ஒட்டுங்கள். ஒரே ஒரு கால்தான். இரண்டு வைத்தால் இரண்டு விரல் பட்டதாகத் திரை எடுத்துக்கொள்ளும். காலின் அடியில் ஒரு சுற்று செலோடேப் போடுங்கள். திரையில் கீறல் விழாது, வழுக்கலும் நன்றாக இருக்கும். தொடுகை அந்த மெல்லிய டேப்பைத் தாண்டியும் பதியும்.

அப்புறம் மூடியின் பக்கவாட்டைச் சுற்றி அலுமினியத் தாளை ஒட்டி, அதிலிருந்து ஒரு பட்டையைக் காலோடு இணையுங்கள். இந்த இணைப்பு அறுந்தால் குமிழ் வேலை செய்யாது. டேப்லெட்டின் தொடுதிரை அழுத்தத்தைப் பார்ப்பதில்லை. கண்ணாடிக்கு அடியில் உள்ள மின்முனை வலையில் உங்கள் உடல் உண்டாக்கும் சிறு மின்னூட்ட மாற்றத்தைத்தான் பார்க்கிறது. விரலிலிருந்து கால்வரை தாள் தொடர்ந்து இருந்தால், கால்படும் இடத்தில் உங்கள் விரலே இருப்பதாகத் திரை நினைத்துக்கொள்ளும். கையை எடுத்தால் தொடுகையும் போய்விடும். கால் மட்டும் விட்ட இடத்திலேயே நிற்கும். அடுத்த முறை அங்கிருந்தே தொடரலாம்.

திரையைத் துடைத்துக் கிண்ணத்தை அழுத்தி ஒட்டுங்கள். எச்சில் தொட்டு ஒட்டும் பழக்கம் இங்கே வேண்டாம், ஈரத்தையும் திரை தொடுகையாக எடுத்துக்கொள்ளக்கூடும். மூடியை மாட்டி, ஏதாவது ஓவியச் செயலியைத் திறந்து திருகுங்கள். வட்டம் அறுபடாமல் வந்தால் குமிழ் தயார். விட்டுவிட்டு வந்தால் காலை இன்னும் தட்டையாக்குங்கள். ஆனால் ரொம்பப் பெரிதாக்கினால் உள்ளங்கை என்று நினைத்துத் திரை ஒதுக்கிவிடலாம்.

இனி செயலி. டச்ஓஎஸ்சி (இசை மென்பொருளைத் திரையிலிருந்து இயக்க உதவும் செயலி) போன்றவற்றில் திரைக்குமிழை நாமே வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கலாம். கால் சுற்றும் பாதை முழுவதும் அதற்குள் அடங்க வேண்டும். சில செயலிகளில் குமிழைத் திருப்ப விரலை மேலும் கீழும் இழுக்க வேண்டியிருக்கும். அமைப்பில் வட்ட அசைவுக்கு மாற்ற வழி இல்லையென்றால் இந்தக் குமிழ் அங்கே உதவாது.

சார்ஜ் ஏறும்போது மட்டும் அளவு தானாகக் குதித்தால் குமிழைக் குறை சொல்லாதீர்கள், மலிவான சார்ஜரின் மின் இரைச்சலாக இருக்கலாம். சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். வேலை முடிந்து குமிழை எடுக்கும்போது நேராக இழுக்காமல், கிண்ணத்தின் ஓரத்தை நகத்தால் நெம்பினால் காற்று புகுந்து சுலபமாக வந்துவிடும்.